பின்னேரம் நாலு மணிக்குக் கேற்றைத் திறவுங்கள்

(மட்டக்களப்புக்குத் தெற்கே எங்கள் ஊர் விளையாட்டுக் கழகப் பரிசளிப்பு விழாவில் பேசியது)

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, வேறொரு கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மையார் அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஐயா அவர்களே (ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி, இந்தப் பந்தலும் கதிரைகளும் கோயிலுடையவை), முன்வரிசைத் தாய்மாரே, பின்வரிசையில் குனிந்தபடி போன் பார்க்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

போனோடு கிடக்கும் பிள்ளைகளின் ஓட்டம், உறக்கம், கண் என்று மூன்று விஷயம் கதைக்க வந்தேன். முதலில் ஓட்டம், அதற்காகப் பள்ளிக்கூட மைதானத்துக் கேற்றைப் பின்னேரம் திறந்துவிடச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், சும்மா உட்கார்ந்து திரை பார்க்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 11 முதல் 17 வயதுக்காரரில் உலகம் முழுக்க 100க்கு 81 பேர் அந்த அளவுக்கு ஓடுவதில்லை என்பது 2016ஆம் ஆண்டுக் கணக்கு. பையன்களில் 78, பெண்பிள்ளைகளில் 85. அந்த 85ஐ மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

நான் எந்த மேடையிலும் சொல்வதுதான்: ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேணும். நாங்கள் ஆடவும் மாட்டோம், பாடவும் மாட்டோம். போனைப் பறிப்போம். 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டியபோது, சூம் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்ததும் நாங்கள்தானே?

எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய். மகன் பத்தாம் ஆண்டு. இரவு பகலாகத் துப்பாக்கி கேம். ஒருநாள் பொறுக்காமல் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டா. அன்று பின்னேரம் மூத்தவளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்தவர்களுக்குப் பலகாரம் வைத்து, பேச்சு சீதனத்துக்குத் திரும்புகிற நேரம், குசினிக்குள்ளிருந்து "எனிமி! எனிமி!" என்று சத்தம். பொடியனின் கூட்டாளி போன் கோல் எடுத்திருக்கிறான், இவன் வைத்திருந்த ரிங்ரோன் அது. அம்மம்மா ஓடிப்போய்ப் பானைக்குத் திருநீறு பூசிவிட்டா! மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பியே விட்டார். (கலியாணம் நடந்தது, பயப்படாதீர்கள்.)

அடுத்த கிழமை அந்தப் பொடியனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஈரமணலில் கோடு கீறிக் கிளித்தட்டு: காவல் நிற்கிற கிளி தொடாமல் கட்டம் கட்டமாகத் தாண்டவேணும், தொட்டால் வெளியே. முதல் தட்டிலேயே கிளி தொட்டுவிட்டது. வெளியே போகாமல் நின்று கேட்கிறான்: "சேர், ரிவைவ் இல்லையா?" (கேமில் செத்தவனைத் திரும்ப எழுப்பிவிடுவதுதான் ரிவைவ்.) இல்லையடா, அடுத்த ஆட்டம்தான் என்றேன். இருட்டும்வரை நாலு ஆட்டம் ஆடினான். ஆடிக் கறக்க வேணும்!

சரி, அவன் ஏன் கடற்கரைக்கு வர வேண்டும்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மைதானம் கிடக்கிறதே? அங்கேதான் விஷயம். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். வெயிலில் ஓட முடியாது. வெயில் தாழ நாலு மணியாகும், ஆறு தாண்டினால் இருட்டிவிடும். பிள்ளைக்கு இருப்பது அந்த இரண்டு மணித்தியாலம். அதில் பாதியை ரியூஷன் தின்கிறது. மீதிக்குக் கேற்றில் பூட்டு. பிறகு போனைக் குறைசொல்லி என்ன பயன்?

மட்டக்களப்பு நகரில் வெபர் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருவானவர் வெபர் அடிகளாரின் பெயர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கியவர் அவர். எங்கிருந்தோ வந்தவர் பிள்ளைகளை விளையாட இறக்கினார், ஊர்க்காரர் நாங்கள் பூட்டுப் போடுகிறோம்.

பையன்கள் மதிலேறிக் குதித்து விளையாடுவார்கள். பெண்பிள்ளை குதிப்பாளா? குதித்தால் நீங்கள் விடுவீர்களா? அந்த 85இல் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் கிழமையில் இரண்டு நாள் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். கேற்றடியில் இரண்டு தாய்மார் கதிரை போட்டு இருக்கட்டும். கதிரைக்கு வண்ணக்கர் ஐயா இருக்கிறார்.

உறக்கத்தையும் கண்ணையும் டொக்டர் அடுத்துப் பேசுவார், எனக்கு மணி அடித்துவிட்டார்கள். செயலாளர் அம்மா, அதிபர் ஐயா, கேற்றுத் திறப்புக்கு (சாவிக்கு) பொறுப்பாக எங்கள் கழகத்தில் மூன்று பேர் எழுத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். லைட் கேட்கவில்லை, புதுக் கட்டிடம் கேட்கவில்லை, நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை ஒரு திறப்பு. கடிதம் தேத்தண்ணி மேசையில் இருக்கிறது. பெற்றோர் ஒவ்வொருவரும் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவேணும். பேனை நான் வைத்திருக்கிறேன்.