சாக்பீஸ் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். ஆர்வம் எங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைப் பேச, மதுரை அரிட்டாபட்டிக்குப் பக்கத்து மாங்குளம் மலையை விடத் தோதான இடம் நம் வட்டாரத்தில் இல்லை. அங்கே குகைத்தளப் பாறைகளில் தமிழி, அதாவது தமிழ் பிராமி எனும் பழைய எழுத்துகள் இருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சூவல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அவற்றைக் கண்டு சொன்னார். அந்த மொழி தமிழ்தான் என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கியது 1924-இல். 42 வருடம் ஒரு கேள்வி திறந்தே கிடந்திருக்கிறது!

பார்க்கப் போகிறவர்கள் உச்சி வெயிலில் ஏறுகிறார்கள். நேர் வெளிச்சத்தில் வெட்டு தெரியாது. காலையோ சாயங்காலமோ, வெயில் சாய்ந்து விழும்போது போங்கள். நிழலான இடமென்றால் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். 'கணி' என்ற சொல்லைத் தேடுங்கள். க, கூட்டல் குறி மாதிரி. ண, மேலும் கீழும் பட்டை வைத்த தூண். தலையில் சின்னக் கோடு சேர்ந்தால் ணி.

தெரியவில்லை என்றதும் சிலர் சாக்பீஸை எடுக்கிறார்கள். அதுதான் கெடுதல். பாறையில் இயல்பாகவே விரிசல் இருக்கும். அதை எழுத்தென்று நினைத்து ஒருவர் கோடு போட்டால், அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை. முன்னவரின் ஊகத்தைப் படிக்கிறார். நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை. நமக்கு நோட்டும் பென்சிலும் போதும். சந்தேகமான கோட்டைப் புள்ளி புள்ளியாக வரைந்துகொள்ளுங்கள்.

மனிதரிடம் துருவிக் கேட்பதும் இந்தச் சாக்பீஸ்தான். "என்னம்மா, மருமகளோட சண்டையா, தனியா வந்துட்டே?" இதில் கேள்வி எங்கே இருக்கிறது? ஊகம்தான் இருக்கிறது. அந்தம்மா பதில் சொல்லாவிட்டாலும், சாயங்காலத்துக்குள் தெருவில் அது சேதியாகிவிடும்.

சுங்குடிச் சேலைக்குப் புள்ளி விழ முடிச்சுப் போடுகிறவரிடம் உட்கார்ந்தால், கேட்க எவ்வளவோ இருக்கிறது. துணியை எவ்வளவு கிள்ளிப் பிடிக்கணும், நூலை எத்தனை சுற்று சுற்றணும், சுற்று தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி எப்படிக் கெடுகிறது? கை வேலையை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றதும் பதில் ஒற்றை வார்த்தையில் வந்தால், திரும்பவும் முடிச்சுக்கே வந்துவிடுங்கள்.