கல்லாப்பெட்டியில் கிடைத்த டாலர்

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்பா எடுத்துவைத்த ஐம்பது காசு ஒன்று இருக்கிறது. சுதந்திர வெள்ளி விழாவுக்காக 1972-ல் வெளிவந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னே கொடியேந்திய ஆணும் பெண்ணும். ஆண்டை ஒட்டிக் கடுகளவு வைரக் குறி; நம் மும்பை நாணயச்சாலையில் பிறந்தது என்று அதற்குப் பொருள்.

இப்படி ஒரு விழா நாணயம் மக்கள் கைக்கு வருமுன் சோதனையாகச் சில காசுகள் அடிக்கப்படும். தலைப் பக்கத்து உருவம் மிகவும் மேடாக அமைந்தால், அழுத்தும்போது உலோகம் அச்சில் அதற்காகக் குடைந்த பள்ளத்தை நிரப்ப ஓடிவிடும். நேர் பின்னால், பூப் பக்கத்து எழுத்து அரைகுறையாகப் பதியும். காகிதத்தில் இது தெரியாது. அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அச்சைத் திருத்தியபின் சோதனைக் காசுகளை உருக்கிவிடுவார்கள். தப்பிப் பிழைப்பது அபூர்வம்.

அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டுக்கு வெளியிட்ட டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவின் மேல் விடுதலை மணி. வரைந்தவர் டென்னிஸ் வில்லியம்ஸ் என்ற கல்லூரி மாணவர். முதலில் தடித்த எழுத்தோடு அடித்தார்கள், சரியாகப் பதியவில்லை. எழுத்தை மெலிதாக்கினார்கள். சேகரிப்பாளர்களுக்கான பளபளப்பு நாணயங்களில் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் ‘எஸ்’ குறி இருக்க வேண்டும். மெலிந்த எழுத்தோடு, அந்தக் குறியே இல்லாத ஒன்று, ஒன்றே ஒன்று, 1977-ல் வாஷிங்டன் கடை ஒன்றின் கல்லாப்பெட்டியில் அகப்பட்டது. சோதனைக் காசாக இருக்க வேண்டும் என்பதே பலர் கருத்து. யாரோ அதைக் கொடுத்துச் சாமான் வாங்கியிருக்கிறார்கள்! நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இப்படி ஒன்று நம் கைக்கும் வராதா என்ற ஆசையைக் காசாக்குகிறவர்களும் உண்டு. கோட்டைப் பகுதி நடைபாதையில் ‘சோதனைக் காசு’ என்று ஒருவர் என்னிடம் நீட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆண்டை அரத்தால் ராவியிருந்தார்கள். கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. நல்ல காசு ஒன்றைப் பாழாக்கிவிட்டார்களே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

வாங்குமுன் கண்ணைப் பழக்குங்கள். அதே பகுதியில், சர் பி.எம். சாலையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. 2004-ல் நம் கலாம் ஐயா திறந்துவைத்தது. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். காசில் முகத்தைப் பார்த்தபின் எழுத்தின் ஓரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.