அகதா என்ன ஆனாள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

விக்டோரியா மகாராணி காலத்து லண்டனை நன்றாகக் காட்டுவது அந்தக் காலத்தில் வாழ்ந்த கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளா, ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து எழுதப்பட்ட துப்பறியும் தொடர்களா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்தார். "வாழ்ந்தவர் எழுதியது அசல், நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது நகல்" என்று ஒரே போடாகப் போட்டார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், மேடை நாகரிகம்.

சரி, அசலைப் பார்ப்போம். 1886-ல் முதல் ஹோம்ஸ் கதையை எழுதியபோது கானன் டாயில் லண்டன்வாசியே இல்லை. போர்ட்ஸ்மவுத் நகரத்து சவுத்சீயில் டாக்டர். லண்டன் தெருக்களுக்கு அவர் நம்பியது ஒரு தபால் துறை வரைபடத்தை. ஹோம்ஸ் குடியிருப்பதாக அவர் எழுதிய பேக்கர் தெருவில் அன்று 221 என்ற கதவு எண்ணே கிடையாது. அசல் என்றீர்களே ஐயா, வீட்டு விலாசமே கற்பனை!

அது போகட்டும், கதைக்கு விலாசமா முக்கியம்? மில்வர்ட்டன் கதைக்கு வாருங்கள். பெரிய இடத்துப் பெண்களின் பழைய கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மிரட்டிப் பணம் பறிக்கிறவன் மில்வர்ட்டன். அவன் வீட்டு நடமாட்டம் தெரியவேண்டும். ஹோம்ஸ் பிளம்பர் வேஷம் போடுகிறார். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் அகதாவோடு பேசிப் பழகி, கல்யாணமே நிச்சயம் செய்துகொள்கிறார். எதற்கு? தகவலுக்கு! நண்பர் வாட்சன் பதறிப்போய், "அந்தப் பெண்?" என்று கேட்கிறார். ஹோம்ஸ் தோளைக் குலுக்குகிறார். பந்தயம் பெரிது, சீட்டை ஆடித்தான் ஆகவேண்டுமாம். அவளுக்கு இன்னொருவன் காத்திருக்கிறான் என்று ஒரு சமாதானம் வேறு. பெண்களை வதைக்கிறவனைப் பிடிக்க ஒரு பெண்ணை ஏமாற்றிய கதை இது. அகதாவின் முகத்தைக்கூட நாம் கடைசிவரை பார்ப்பதில்லை.

எங்கள் அணிக்கு வாருங்கள். 1979-ல் தொடங்கிய ஆன் பெர்ரியின் தாமஸ் பிட் என்ற போலீஸ் அதிகாரியின் தொடரில், அவர் வீட்டில் கிரேசி என்று ஒரு வேலைக்காரச் சிறுமி. வேலைக்கு வரும்போது பதின்மூன்று வயது, எழுத்து வாசனை இல்லை. எஜமானி சார்லட், பிட்டின் மனைவி, உட்காரவைத்துப் படிக்கக் கற்றுத்தருகிறாள். போகப்போக அந்தக் கிரேசியே துப்புத் துலக்கப் போகிறாள். அதே சார்லட்டை, கல்யாணத்துக்கு முன்னால், முதல் நாவலின் தொடக்கத்தில் பாருங்கள். 1881, வசதியான வீடு. அப்பா மறந்து விட்டுப்போன செய்தித்தாளைக் கையில் எடுத்துப் படிக்கிறாள். மகள் அதைப் படிப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. ஒரு செய்தித்தாள் போதும், அந்த வீட்டின் பூட்டு எங்கே தொங்குகிறது என்று தெரிந்துவிடும்.

பீட்டர் லவ்ஸியின் நாவல்களில் துப்பறியும் போலீஸ்காரர் சார்ஜென்ட் கிரிப் 1970-லேயே வந்துவிட்டார். முதல் கதையில், 1879-ல் லண்டன் இஸ்லிங்டனில் ஆறு நாள் நடைப் பந்தயம், நடுவே ஒருவர் ஸ்ட்ரிக்னைன் விஷத்தில் சாகிறார். அந்த விஷத்தையே துளி அளவு ஊக்கமருந்தாகக் கொடுத்த காலம் அது! பேக்கர் தெரு மாடியில் உட்கார்ந்தால் இது கண்ணில் படாது.

டாயிலுக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். சொல்லத்தான் விடாத காலம். அட்டைப்பெட்டிக்குள் இரண்டு காதுகள் வந்து சேரும் கதையை 1893-ல் பத்திரிகையில் எழுதினார். கணவனிருக்க இன்னொருவனை விரும்பும் மனைவி அதில் வருகிறாள். அடுத்து வந்த தொகுப்பின் இங்கிலாந்துப் பதிப்பில் அந்தக் கதையைக் காணோம். 1917-ல்தான் அங்கே புத்தகத்தில் ஏறியது. தான் எழுதியதையே ஒளித்துவைக்க வேண்டியிருந்தவர், ஊரை எப்படி முழுசாகக் காட்டியிருப்பார்?

எங்கள் பக்கமும் குறை உண்டு. பெர்ரியின் ஆட்கள் சில இடங்களில் நம் காலத்து மனிதர்கள் மாதிரி நியாயம் பேசுகிறார்கள். எனக்கே கொட்டாவி வந்திருக்கிறது. மூளைக்கு ஹோம்ஸ்தான், அதில் சண்டையில்லை. ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பு மூளையைப் பற்றியதல்ல.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பிளம்பர் வருவான் என்று அகதா எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? உங்கள் புத்தகத்தில் அது எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் பேச்சை ஆரம்பியுங்கள்.