'சூப்பர் ஃபைன்' தேயிலை: எந்த ஃபைன்?

[காட்சி: குன்னூர் கடைத்தெரு. பாக்கெட்டுகள் அடுக்கிய தேயிலைக் கடை.]

வணக்கம். நீலகிரிக்கு வருபவர்கள் ஊர் திரும்பும் முன் ஒரு பாக்கெட் தேயிலையாவது வாங்கிவிடுவார்கள். அதில் 'சூப்பர் ஃபைன் டஸ்ட்' என்று அச்சிட்டிருந்தால், முதல் தரச் சரக்கு என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் தரத்தைச் சொல்லவில்லை; தூளின் அளவைத்தான் சொல்கிறது.

ஃபைன் என்ற ஆங்கிலப் பெயரடைக்கு உயர்ந்தது, நேர்த்தியானது என்று ஒரு பொருள் உண்டு. நுண்ணியது, சன்னமானது என்பது இன்னொரு பொருள். சமையல் குறிப்பில் சூப்பர் ஃபைன் சர்க்கரை என்று வந்தால் மணி சிறிய சர்க்கரை என்றுதான் கொள்ள வேண்டும். அதில் இனிப்பு கூடுதலாக இருக்காது.

[காட்சி: தொழிற்சாலை. அதிரும் சல்லடைகள்.]

நீலகிரியில் பெரும்பகுதி சிடிசி (நசுக்குதல், கிழித்தல், சுருட்டுதல் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்) தேயிலை. பல் வெட்டிய உருளைகளுக்கிடையே கொழுந்து நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளிவருகிறது. உலர்ந்த பிறகு சல்லடைகள் அதை அளவுவாரியாகப் பிரிக்கின்றன: பெரிய துகள் புரோக்கன், அடுத்தது ஃபேனிங்ஸ், மிகச் சிறியது டஸ்ட். ஒரே நாளில் பறித்த ஒரே கொழுந்திலிருந்து இத்தனை கிரேடும் கிடைக்கின்றன. டஸ்ட் என்றால் கழிவு என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துகள் சிறிதாக இருப்பதால் வெந்நீர் படும் பரப்பு அதிகம். சாறு சட்டென்று இறங்கும், பால் சேர்த்தாலும் நிறம் நிற்கும். நம் டீக்கடைகள் டஸ்டை விடாததற்குக் காரணம் இதுதான்.

முழு இலையாக வரும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் கதை வேறு. அங்கே 'ஃபைனஸ்ட்' என்று தொடங்கும் கிரேடுகள் உண்டு. இளம் மொட்டு நுனிகள் நிறைந்த இலை என்பதற்கான பாராட்டு அது. (ஆரஞ்சு பீக்கோ என்ற கிரேடில் ஆரஞ்சுப் பழம் எதுவும் கிடையாது.)

[காட்சி: தோட்டம். கொழுந்து பறிக்கும் பெண்கள்.]

சுவை இங்கேதான் தீர்மானமாகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் நல்ல தேயிலை. முற்றிய இலையைச் சேர்த்துவிட்டால் எந்தச் சல்லடையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் அப்போதைய தேயிலைக்கு மணம் அதிகம். ஆகவே கடைக்காரரிடம் எந்த மாதத்துச் சரக்கு என்று கேளுங்கள்.

பால் டீக்கு டஸ்ட் போதும். பாலில்லாமல் குடிப்பவர்கள் இலைத் தேயிலையாக வாங்கி, கொதிக்கவிடாமல், வெந்நீரில் மூன்று நான்கு நிமிடம் மூடி வையுங்கள்.