கத்தி வைப்பதற்கு முந்தின பத்து நிமிஷம்

எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

ஆபரேஷன் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பயம்தான்: "நடுவில் பிபி ஏறிவிட்டால்?" மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராகச் சொல்கிறேன், தியேட்டருக்குள் எனக்கு அதிகம் வேலை வைப்பது இறங்குகிற பிபிதான்.

அது எப்போது இறங்கும் தெரியுமா? புரோபோஃபால் என்று பால்போல வெள்ளையாக ஒரு மருந்து. கையில் ஏறும்போது கொஞ்சம் எரியும், அப்புறம் தூக்கம். கூடவே ரத்தக்குழாய்களும் தளர்ந்துவிடும். சர்ஜன் அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருப்பார். கத்தி படாததால் உடம்பை உசுப்ப ஒன்றும் இல்லை. கட்டிலில் ஏறும்போது 150 காட்டிய மேல் பிபி அந்த அமைதியில் 85க்கு வந்து நிற்கும். பிபியைத் தூக்கிவிடும் எஃபெட்ரினோ ஃபினைல்எஃப்ரினோ ஏற்றிய சிரிஞ்சைப் பக்கத்திலேயே வைத்திருப்பது அதற்காகத்தான்.

நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது சராசரி அழுத்தம். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணோடு கூட்டிக்கொள்ளுங்கள். 120/80 என்றால் ஏறக்குறைய 93. அது 65க்குக் கீழே போய் அங்கேயே நின்றவர்களுக்குச் சிறுநீரகமும் இதயமும் அடிவாங்குவது கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. வலி மருந்து உள்ளே இருப்பதால் பலருக்கு நெஞ்சுவலிகூடத் தெரியாது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

1901இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க சர்ஜன், இத்தாலியின் பாவியா நகரில் ரிவா-ரோச்சி என்ற டாக்டர் உருவாக்கிய, பிபி பார்க்கும் கைப்பட்டையைப் பார்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இதெல்லாம் வழக்கமாகத் தேவையில்லை என்று பாஸ்டனில் ஒரு மருத்துவக் குழு சொல்லிவிட்டது! இன்று அந்தப் பட்டை இல்லாமல் நான் ஊசியைத் தொட மாட்டேன்.

சரி, எந்த எண்ணில் நிறுத்துவது? 2017இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள சுமார் 300 பேரைப் பார்த்தார்கள். அவரவர் வழக்கமான பிபியிலிருந்து பத்து சதவீதத்துக்குள் வைத்திருந்தபோது, உறுப்புகள் பாதிக்கப்படுவது நூற்றுக்கு 52 பேரிலிருந்து 38ஆகக் குறைந்தது. ஆனால் 2023இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சராசரியை 60க்கு மேல் வைப்பதா, 80க்கு மேல் வைப்பதா என்று ஒப்பிட்டபோது பலனில் வித்தியாசமே இல்லை. இரண்டு குழுவிலும் நிஜத்தில் இருந்த அழுத்தம் அவ்வளவாக வேறுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எல்லாருக்கும் ஒரே எண் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆபரேஷன் தள்ளிப்போய்விடுமோ என்று முதல்நாள் ராத்திரி பிபி மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்வது. தயவுசெய்து வேண்டாம். டெல்மிசார்டன் வகை மாத்திரையை எங்களில் பலர் ஒருநாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று மயக்க டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு பாட்டி இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு வந்தார். தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் பேத்தி எழுதிவைத்த பிபி எண்களை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். பெரும்பாலும் 148, 150. அன்று முழுக்க அவருடைய மேல் பிபியை 135க்குக் கீழே விடக்கூடாது என்று முடிவு செய்தது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான்.