பீரோவுக்குள் போகும் புத்தகம்

(தண்டையார்பேட்டையில் ஒரு கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நூலகச் சங்கம் 1967இல் கருத்துச் சுதந்திரத்துக்கெனத் தனி அலுவலகம் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற ஜூடித் க்ரூக் அம்மையார், 2009இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார். தடை செய்யப்பட்ட நூல்களுக்கான வாரத்தை 1982இல் தொடங்கியவர்களுள் ஒருவர் என்றே அவரைப் பலரும் அறிவார்கள். எனக்கோ, ஒரு நூலை நீக்கச் சொல்லும் நெருக்கடிக்கு உள்ளான நூலகர்களுக்கு அவருடைய அலுவலகம் கற்றுக்கொடுத்த நடைமுறைதான் பெரிதாகப் படுகிறது: புகாரை எழுத்தில் வாங்குங்கள், நூலை முழுதாகப் படித்தீர்களா என்று கேளுங்கள், குழு ஆராய்ந்து முடிவு சொல்லும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கட்டும்.

நம் நாட்டில் ஒரு நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசு காரணங்களைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட வேண்டும். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நான் பார்த்த தணிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அறிவிக்கையும் இல்லை, காரணமும் இல்லை. யாரோ ஒருவர் மேசைமுன் வந்து சத்தம் போடுவார். மறுநாள் அந்த நூல் பூட்டிய பீரோவுக்குள் போய்விடும். பதிவேட்டில் எண் இருக்கும், கேட்டால் ‘வெளியே போயிருக்கிறது’ என்ற பதில் வரும். வாங்கும் பட்டியலிலிருந்தே ஒரு பெயரை அடித்துவிட்டால் இந்தச் சிரமமும் இல்லை! இத்தகைய தடையை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் பற்றிய வழக்கில், பிடிக்காதவர் படிக்காமல் விடலாம் என்ற பொருளில் 2016இல் தீர்ப்புச் சொன்னது, இதோ பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றம்தான். இராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார்கள். ‘என் வரிப்பணத்தில் இதை வாங்கலாமா’ என்று கேட்பவருக்கு இருக்கும் அதே உரிமை, அந்த நூலைத் தேடிவரும் அடுத்த தெருக்காரருக்கும் உண்டல்லவா? ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று 1931இல் இதே சென்னையிலிருந்து எழுதிய நூலகவியல் அறிஞர் அரங்கநாதன், ஊரார் ஒப்புக்கொண்ட நூல் என்று எழுதவில்லை.

க்ரூக் எல்லாவற்றிலும் வென்றவர் அல்லர். அமெரிக்காவின் இணையத் தணிக்கைச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 1997இல் வெற்றி கிடைத்தது. நூலகக் கணினிகளில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருளைப் பொருத்துவது பற்றிய வழக்கில் 2003இல் அவருடைய சங்கம் தோற்றது. அதன்பின்னும் வேலையை அவர் நிறுத்தவில்லை.

இங்கே வாயிலருகே பரிந்துரைப் பதிவேடு ஒன்று கிடக்கிறது. வேண்டிய நூலின் பெயரை அதில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சத்தம் போடுபவர் வரும் நாளில், இதைக் கேட்டவர்கள் இன்னார் என்று எடுத்துக்காட்ட நூலகரிடம் ஓர் ஆவணமாவது இருக்கட்டும்.