ஆற்றை இறைத்துக் குளத்தை நிரப்பலாமா?

அடுத்த கேள்வி அக்கராயன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. வாசிக்கிறேன்: "ஐயா, அமெரிக்காவில் ஒரு கவுண்டி ஐம்பது வருடத்துக்குப் பிந்திய குடிநீர்த் தேவையை நினைத்து, ஆற்று நீரைப் பம்பியால் இறைத்து வேறொரு நீர்த்தேக்கத்தில் சேமிக்கிறதாம். மாரியில் எங்கள் ஆறுகள் வீணாகக் கடலுக்குப் போகின்றன. வன்னியிலும் அப்படி ஒன்று கட்டினால் இரணைமடுத் தண்ணீர்ச் சண்டை தீர்ந்துவிடாதா?"

நல்ல கேள்வி, தம்பி. இரணைமடுச் சண்டை தெரியாதவர்களுக்கு: கிளிநொச்சியில் இருக்கும் அந்தக் குளத்து நீர் கமக்காரரின் வயலுக்கா, யாழ்ப்பாணத்துக் குடிநீருக்கா என்பதுதான் அது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மகா ஓயாவில் 600 மெகாவாட் என்று மின்சார சபை திட்டமிட்டதும் நீரை மேலே ஏற்றிச் சேமிப்பதுதான், ஆனால் அது மின்சாரத்துக்கானது. ஒரே நீர் மேலும் கீழும் போய்வரும். நீங்கள் கேட்பது குடிநீர்ச் சேமிப்பு.

நீங்கள் பார்த்தது வர்ஜீனியா மாநிலத்தின் ஹென்றைக்கோ கவுண்டியாக இருக்க வேண்டும். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஜேம்ஸ் ஆற்றில் நீர் நிறைய ஓடும்போது இறைத்து, கொப்ஸ் கிறீக் என்ற சிற்றோடையின் குறுக்கே கட்டிய தேக்கத்தில் விடுவது திட்டம். கொள்ளளவு சுமார் 56 மில்லியன் கன மீற்றர். வறட்சி வந்தால் ஆற்றுக்கே திருப்பி விடுவார்கள். கீழே ஹென்றைக்கோ தன் சுத்திகரிப்பு நிலையத்தில் அதை எடுத்துக்கொள்ளும். நீண்ட குழாய் வேண்டாம், ஆறே குழாய். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இனி வன்னிக்கு வருவோம். ஜேம்ஸ் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு. கனகராயன் ஆறோ, பாலியாறோ, பேராறோ அப்படியா? கார்த்திகை, மார்கழியில் நாலைந்து தடவை பெருக்கெடுக்கும். மாசியில் மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டியிருக்கும். திட்டத்தின் உயிர்நாடி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். அதே அளவு நீரை எட்டு மாதக் கோடைக்குச் சேமிக்க வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். 240 நாளுக்கு 5.76 மில்லியன் கன மீற்றர். ஆறு 200 நாள் ஓடினால் செக்கனுக்குச் சுமார் 330 லீற்றர் இறைத்தால் நிரம்பிவிடும். வெள்ளம் ஓடும் 20 நாளுக்குள் நிரப்ப வேண்டுமென்றால் 3,300 லீற்றர். தோட்டத்துக்கு இறைக்கும் இரண்டு அங்குல இயந்திரம் செக்கனுக்கு எட்டு லீற்றர் தரும் என்று வையுங்கள். முதலாவதற்கு நாற்பத்திரண்டு இயந்திரம் போதும், இரண்டாவதற்கு நானூறுக்கு மேல் வேண்டும். அந்த நானூறும் மிச்ச 345 நாளும் சும்மா நிற்கும். வெள்ள நீரில் சேறும் முறிந்த மரமும் அடித்துக்கொண்டு வருவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது வந்த நீரைக் கண்டவர்கள், அதன் நடுவில் ஒரு பம்பியை வைத்துக் கற்பனை செய்து பாருங்கள்!

ஆழம் இன்னொரு தலையிடி. கொப்ஸ் கிறீக் மலைச்சரிவுப் பள்ளத்தாக்கு. சுமார் 1,100 ஏக்கரில் 56 மில்லியன் என்றால் சராசரி ஆழம் 12 மீற்றருக்கு மேல் வருகிறது. நம் நிலம் பாய் விரித்த மாதிரி. இரணைமடுவில் 36 அடி என்று சொல்கிறோமே, அது துருசடியில், அதாவது நீர் திறந்துவிடும் மதகடியில், இருக்கும் ஆழம். கரையிலிருந்து உள்ளே போகப்போக ஆழம் குறைந்து, ஆவணியில் குளத்துக்குள்ளேயே மாடு மேயும்.

ஒரு பரந்த சட்டியில் நீர் வைத்து, முற்றத்தில் சோளகம் வீசும் மாதத்தில் ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் குறையும். 240 நாளுக்கு 1.2 மீற்றர். புதுத் தேக்கம் சராசரி நாலு மீற்றர் ஆழம் என்றால் முப்பது வீதத்தைக் காற்றும் வெயிலும் குடித்துவிடும். அது எழுபது நாள் குடிநீர். பன்னிரண்டு மீற்றர் ஆழமென்றால் பத்து வீதம்தான். ஆனால் சமதரையில் அவ்வளவு ஆழத்துக்கு நாற்புறமும் அணைக்கட்டு எழுப்ப வேண்டும். அந்த மண்ணை எங்கிருந்து வெட்டுவது?

அப்படியானால் முடியாதா? முடியும், ஆனால் பம்பியை ஆற்றில் வைக்காதீர்கள். வெள்ளத்தைப் பிடிக்கும் வேலையைக் குளம் ஏற்கெனவே செய்கிறது. குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் மட்டும், கலங்கல் தெளிந்த நீரைப் பக்கத்தில் சிறியதாக, ஆழமாகக் கட்டிய குடிநீர்த் தேக்கத்துக்கு ஏற்றலாம். ஒரு நகரத்துக்கு இது போதும். முழு வடக்குக்கும் போதாது.

மேட்டில் மறித்தால் பம்பியே வேண்டாம் என்பதையும் மறக்கக் கூடாது. மன்னாரில் கட்டுக்கரைக்குளம் எப்படி நிரம்புகிறது? அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்து அணையில் மறித்து, வாய்க்காலால் கொண்டுவருகிறார்கள். ஆற்றுக்கு வெளியே சேமிக்கும் அறிவு நமக்குப் புதிதல்ல.

"வீணாகக் கடலுக்கு" என்றீர்களே, அந்தச் சொல்லை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. கனகராயன் ஆற்று நீர் போவது சுண்டிக்குளம், ஆனையிறவுக் களப்புகளுக்கு. அங்கே உப்புக் குறையாவிட்டால் இறால் வளராது. கரையோரத்துச் சனத்தைக் கேட்டால் அது வீணா என்று சொல்வார்கள். ஆற்றில் எவ்வளவு விட்ட பிறகு இறைக்கலாம் என்ற அளவு ஜேம்ஸ் ஆற்றுக்கும் உண்டு.

சண்டை தீருமா என்றால், பம்பி தீர்க்காது. ஹென்றைக்கோவின் தேக்கம் ஹென்றைக்கோவில் இல்லை, ஆற்றின் மேற்பக்கத்தில் இருக்கும் கம்பர்லாந்து என்ற வேறொரு கவுண்டியில் இருக்கிறது. குடிப்பவர் ஒருவர், நிலம் கொடுப்பவர் வேறொருவர். யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் அங்கே மண் வெட்டினார்கள். இங்கே குளத்தில் எத்தனை அடி வரை கமக்காரருக்கு, எந்த அடிக்கு மேல் குடிநீருக்கு, சிறுபோகம் சுருங்கினால் யார் நட்டஈடு கொடுப்பது என்று முதலில் எழுத வேண்டும். கமக்காரர் மறுத்தால் அவர்களைக் கல்நெஞ்சர் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பி யார் வயலைத் தரிசு போடுவார்?

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த மாரியில் அக்கராயன்குளம் எத்தனை நாள் வான் பாய்கிறது, எத்தனை அங்குலம் பாய்கிறது என்று ஒரு கொப்பியில் திகதி போட்டுக் குறித்து வையுங்கள். தை பிறந்ததும் அனுப்புங்கள். பம்பியின் அளவை அதிலிருந்து கணக்குப் பார்க்கலாம்.